வெயிலைச் சொல்லும் பெட்டி வாயை மூடிக்கொண்டபோது...

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் திருத்தணிக்கு டி.வி. செய்திகளில் தனி மரியாதை கிடைத்துவிடும். 'இன்று 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள்' என்று பட்டியல் வாசிப்பார்கள் அல்லவா? வேலூர், கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று போகும் அந்த வரிசையில் திருத்தணியும் அடிக்கடி தலைகாட்டும். முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் ஊருக்குத் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சூரியனுக்கு மட்டும் இங்கே சினம் தணிவதே இல்லை என்பது என் சித்தியின் பல வருடப் புகார்.

சித்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னைக்குக் கோடையில் மதியவாக்கில் கடல்காற்று வந்து கை கொடுக்கும். கடலிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே இருக்கிற எங்கள் ஊருக்கு அது வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் வருவதே இல்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள் வேறு.

இதில் சித்தி பிளவுஸ் தைக்கிற இடம் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை. மெஷின், துணிகள், வாடிக்கையாளர் நோட்டு எல்லாம் அங்கேதான். போன வருடம் கத்திரியில், கல்யாண ஆர்டர் என்று மதியம் சாப்பிடக்கூட இறங்காமல் தைத்துக்கொண்டிருந்தவர், நாற்காலியிலிருந்து அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து, குளுகோஸ் ஏற்றித் திரும்பினார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மறுபடி மாடிப்படி ஏறிவிட்டார்.

"இந்த வெயில்ல மேல போகாதேன்னா கேக்கறாளா? 'இன்னும் அவ்ளோ சூடு ஏறலை'ன்றா. அவ இன்னா தெர்மாமீட்டரா?" என்று சித்தப்பா புலம்பியதிலிருந்துதான் அந்தப் பெட்டியின் கதை தொடங்கியது.

பொங்கல் விடுமுறைக்கு வந்த பேரன், இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிப்பவன், தன்னிடமிருந்த ராஸ்பெர்ரி பை 3 கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தான். ஏறக்குறைய ஒரு ஏ.டி.எம். கார்டு அளவே உள்ள பலகை அது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைகள் புரோகிராமிங் பழக வேண்டும் என்பதற்காக உருவாகி, 2012 பிப்ரவரி 29 அன்று முதல் மாடல் விற்பனைக்கு வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ். ஹார்டு டிஸ்க் கிடையாது. செல்போனில் போடும் மெமரி கார்டுதான் அதற்கு எல்லாமே.

இரண்டு சென்சார்கள். ஒன்று தையல் அறைக்குள். இன்னொன்று மொட்டை மாடியில், பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து இடைவெளி விட்டு அடுக்கிய கூட்டுக்குள். வானிலை ஆய்வு மையங்களில் வெப்பமானியை வெயிலில் வைக்க மாட்டார்கள். தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில், காற்று புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் நிழலில்தான் வைப்பார்கள். அதற்கு ஸ்டீவன்சன் கூண்டு என்று பெயர். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா தாமஸ் வடிவமைத்தது. பேரன் அடுக்கிய தட்டு அதன் ஏழை உறவினர். மொட்டை மாடி கான்கிரீட் சூடு அதற்கும் ஏறும் என்பதால் டி.வி. சொல்லும் எண்ணும் நம் எண்ணும் ஒன்றாக இருக்காது. "அதனால இன்னா? எங்க வூட்டுச் சூடு எனக்குத் தெரிஞ்சா போதும்" என்பார் சித்தப்பா.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி இரண்டு எண்களை வைஃபை வழியாக சித்தப்பாவின் போனுக்கு அனுப்பும். தையல் அறை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போன் அலறும். அலறினால் சித்தி இறங்கிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஏப்ரல் முழுவதும் ஒப்பந்தம் காப்பாற்றப்பட்டது. சித்தப்பா தன் பங்குக்குக் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வந்த எண்களை ஒரு நீள நோட்டில் எழுதிவந்தார்.

மே முதல் வாரம், கத்திரி தொடங்கியதும், போன் மௌனமாகிவிட்டது.

"பொட்டி பேசமாட்டேங்குதும்மா. அவன் செமஸ்டர் பரீட்சையில இருக்கான், அவனைத் தொந்தரவு பண்ண மனசு வரலை. உங்க சித்தி இன்னாடான்னா, மெஷின் சொல்லலை, அப்போ சூடு இல்லைன்னு மேல ஒக்காந்துட்டிருக்கா."

சித்தப்பாவின் குரலில் விளையாட்டு இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சென்ட்ரலில் ரயில் ஏறிவிட்டேன்.

முந்தின நாள் மாலையே ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பொருள் வாங்கி வைத்திருந்தேன். ஒரு முனையில் யு.எஸ்.பி., மறுமுனையில் நாலு கலர் வயர். 'யு.எஸ்.பி. டு சீரியல்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பேரன் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்: 'அத்தை, சீரியல் போர்ட்டை ஆன் பண்ணித்தான் வச்சிருக்கேன், அதுல பாருங்க.'

ஒற்றை வரிசையில் வரும் எழுத்துகள்

சீரியல் போர்ட் என்றால் என்ன? ஆடிக் கிருத்திகையன்று மலையின் 365 படிகளில் கூட்டத்தை ஒற்றை வரிசையில் விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் முந்த முடியாது. அதுபோல ஒவ்வோர் எழுத்தும் எட்டு பிட்டுகளாகப் பிரிந்து, ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 'இதோ வருகிறேன்' என்று சொல்ல முன்னால் ஒரு பிட், 'முடிந்தது' என்று சொல்லப் பின்னால் ஒரு பிட். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்து.

ஸ்கிரீன், கீபோர்டு, இன்டர்நெட் எதுவும் இல்லாத கம்ப்யூட்டரிடம் பேச்சுக் கொடுக்க இதைவிட எளிய வழி கிடையாது. வீட்டிலிருக்கும் வைஃபை ரௌட்டர், செட்டாப் பாக்ஸ் இவற்றில் பலவற்றின் வயிற்றுக்குள்ளும் இந்த மூன்று நாலு முனைகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. தொழிற்சாலையில் சோதிப்பவர்கள் அதன் வழியாகத்தான் நலம் விசாரிப்பார்கள். 2018-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி.காமகோடியின் குழு உருவாக்கிய 'சக்தி' செயலி, சில்லு வடிவில் லினக்ஸை இயக்கிக் காட்டியது நினைவிருக்கலாம். அதுபோன்ற புதுச் சில்லு ஒன்று மேஜைக்கு வந்தால், பொறியாளர்கள் முதலில் கண் கொட்டாமல் பார்த்திருப்பது சீரியல் வழியாக ஒரு வரியாவது வருகிறதா என்றுதான். பிறந்த குழந்தை அழுகிறதா என்று பார்ப்பது மாதிரி.

நான் இன்ஜினீயர் இல்லை. அலுவலக லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்யவும் விடமாட்டார்கள். அதனால் என் ஆண்ட்ராய்டு போனையே பயன்படுத்தினேன். ஒரு ஓ.டி.ஜி. கனெக்டர், ஒரு 'சீரியல் டெர்மினல்' ஆப், அவ்வளவுதான்.

"பெட்டியைக் கீழே கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில உக்காந்து பார்ப்போமே சித்தப்பா" என்றேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மாடியில் கால் வைக்க முடியவில்லை.

"வேணாம். லைன் எங்க கெட்டுச்சோ அங்கயே வச்சுப் பாரு. எடுத்துட்டு வந்தா நோவும் கூடவே வரும்னு இன்னா நிச்சயம்?"

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. சித்தப்பா தந்தி இலாகாவில் இருந்தவர். தினமும் ரயிலில் சென்னைக்குப் போய், டெலிபிரிண்டர் முன்னால் உட்கார்ந்து திரும்பியவர். 2013 ஜூலையில் தந்தி சேவையே நிறுத்தப்பட்டபோது அவர் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்று இரவு செய்தியை முழுசாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார் என்று சித்தி சொல்வார்.

பெட்டியைத் திறந்தோம். பலகையின் ஓரத்தில் நாற்பது ஊசிமுனைகள், இரண்டு வரிசையாக. நமக்கு வேண்டியவை மூன்றுதான். ஆறாவது முனை கிரவுண்ட். எட்டாவது, பலகை பேசும் வாய், அதற்கு டி.எக்ஸ் என்று பெயர். பத்தாவது, பலகை கேட்கும் காது, ஆர்.எக்ஸ். கேபிளில் நாலு வயர் இருந்ததே, நாலாவது? அது ஐந்து வோல்ட் மின்சாரம், பெரும்பாலும் சிவப்பு. பலகைக்கு ஏற்கெனவே வேறு வழியில் கரன்ட் வருவதால் அந்தச் சிவப்பைத் தொடவே கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. ராஸ்பெர்ரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே பழகியவை. ஐந்து வோல்ட்டில் பேசுகிற கேபிளைச் செருகினால் பலகையே போய்விடக்கூடும். வாங்கும்போதே 3.3 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். வயர் கலரை நம்பவேண்டாம். ஒவ்வொரு கம்பெனிக்கு ஒரு கலர். கேபிளில் அச்சிட்டிருப்பதையோ, கூட வரும் சீட்டையோ பார்ப்பதுதான் உத்தமம்.

மூன்று வயரையும் பெயர் பார்த்துப் பெயர் பொருத்திச் செருகினேன். டி.எக்ஸுக்கு டி.எக்ஸ், ஆர்.எக்ஸுக்கு ஆர்.எக்ஸ். போனில் ஆப்பைத் திறந்தேன். கறுப்புத் திரை. தட்டினேன். ஒன்றுமில்லை.

"போச்சு, செத்துடுச்சு" என்றேன்.

"யாரு செத்துது? உன் போனா, வயரா, பொட்டியா?" சித்தப்பா நிதானமாகக் கேட்டார். "மூணுல எது ஊமைன்னு தெரியாம பொட்டி மேல பழி போடலாமா? பொட்டியை வுட்டுடு. வயரை மட்டும் எடு. அனுப்பற முனையையும் வாங்கற முனையையும் ஒண்ணா முடிச்சுப் போடு. நீ அனுப்பினது உனக்கே திரும்பி வருதா பாரு."

பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் டி.எக்ஸையும் ஆர்.எக்ஸையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தேன். சித்தியின் குண்டூசிதான். போனில் 'முருகா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். அடித்தது அப்படியே திரும்பி வந்தது. ஊசியை எடுத்துவிட்டு அடித்தேன். வரவில்லை. மறுபடி வைத்தேன். வந்தது.

"ஆச்சா? உன் போன் பேசுது, கேக்குது. வயரும் சரி. இனிமே தப்பு எங்க இருந்தாலும் அதுக்கு அந்தாண்டதான்."

இதற்கு 'லூப் டெஸ்ட்' என்று பெயர். அந்தக் காலத்துத் தந்தி லைனில் கோளாறு என்றால் நடுவில் ஓர் இடத்தில் லைனை மடக்கித் திருப்பி விடுவார்களாம். அனுப்பியது திரும்பி வந்தால் அதுவரைக்கும் லைன் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் கோளாறு இந்தப் பக்கம். பாதி, அதில் பாதி என்று குறுக்கிக்கொண்டே போனால் அறுந்த இடம் அகப்பட்டுவிடும். இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் செய்வதும் அட்சரம் பிசகாமல் இதையேதான். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அந்தக் குண்டூசியை மறக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமல் புதுக் கேபிள், புதுக் கார்டு என்று காசைக் கரைக்கிறார்கள்.

வாய் ஒருவருக்கு, காது மற்றவருக்கு

அப்படியானால் பெட்டி ஏன் பேசவில்லை? நான் செருகியிருந்ததைச் சித்தப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சிரித்துவிட்டார்.

"வாயையும் வாயையும் கட்டி வச்சிருக்கியேம்மா. யாரு கேக்கறது?"

உண்மைதான். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் அல்லவா விழவேண்டும்? பலகையின் டி.எக்ஸ், கேபிளின் ஆர்.எக்ஸுக்குப் போகவேண்டும். கேபிளின் டி.எக்ஸ், பலகையின் ஆர்.எக்ஸுக்கு. குறுக்காக மாற்றவேண்டும். கிரவுண்ட் மட்டும் நேருக்கு நேர். அந்தக் கறுப்பு வயர் எதற்கு என்று சிலர் விட்டுவிடுவார்கள். இரண்டு பேரும் ஒரே தரையில் நின்றால்தானே ஒருவர் உயரத்தை மற்றவர் அளக்க முடியும்? கிரவுண்ட் இல்லாவிட்டால் மின்னழுத்தம் ஏறியதா இறங்கியதா என்று எதிர்முனைக்குத் தெரியவே தெரியாது.

வயரை மாற்றிச் செருகினேன். அப்போதும் அமைதி. ஆனால் இந்த அமைதி வேறு. பாதி நாடகத்தில் போய் உட்கார்ந்தால் பாத்திரங்கள் நமக்காக முதலிலிருந்து பேசமாட்டார்கள். லினக்ஸும் தானாகப் பேசுவது ஸ்டார்ட் ஆகும்போதும், ஏதாவது விபரீதம் நடக்கும்போதும்தான். மற்ற நேரத்தில் நாம்தான் கதவைத் தட்டவேண்டும். என்டர் தட்டினேன்.

திரையில் கொட்டியது குப்பை. கேள்விக்குறி, கட்டம், கோணல் கோடு, ஏதோ ஒரு மொழியின் எழுத்து.

எனக்கு எரிச்சல். சித்தப்பாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "லைன்ல ஆள் இருக்கான்!" என்றார். "குப்பை வந்தா நல்ல சகுனம்மா. பேசறான். நீ கேக்கற வேகம் வேற, அவன் பேசற வேகம் வேற."

அந்த வேகத்துக்கு பாட் என்று பெயர். எமில் போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்த சொல். இரண்டு முனைகளும் முன்கூட்டியே ஒரே வேகத்துக்கு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். வழியில் கடிகாரம் எதுவும் அனுப்புவதில்லை. சித்தப்பாவின் டெலிபிரிண்டர் 50 பாட் வேகத்தில் ஓடியது. நிமிடத்துக்கு 400 எழுத்து. ராஸ்பெர்ரி பை வழக்கமாகப் பேசுவது 1,15,200 பாட். ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்றால் நொடிக்கு 11,520 எழுத்து. என் ஆப் தன் பாட்டுக்கு வேறு ஏதோ வேகத்தை வைத்திருந்தது. மாற்றினேன். என்டர்.

'ராஸ்பெர்ரிபை லாகின்:' என்று ஒரு வரி, அழகாக, கண்ணாடி மாதிரி வந்து நின்றது.

இரண்டு நாளாகச் செத்துப்போனது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பெட்டி, மொட்டை மாடியில் உயிரோடு உட்கார்ந்து, யாராவது கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கொஞ்சம் வேறு கதை. இந்த லினக்ஸில் இப்படிப்பட்ட திரைகளுக்கெல்லாம் 'டி.டி.ஒய்' என்றுதான் பெயர் ஆரம்பிக்கும். அது டெலிடைப் என்பதன் சுருக்கம். சித்தப்பா வேலை பார்த்த மெஷினின் அமெரிக்கச் சொந்தக்காரர் பெயரை இன்றைய கம்ப்யூட்டர்கள் இன்னமும் சுமக்கின்றன. சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிண்டியில ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் ஃபேக்டரி இருந்துச்சு. எங்க மெஷினெல்லாம் அங்கேர்ந்து வந்ததுதான்" என்றார். அந்த நிறுவனம் தொடங்கியது 1960-ல். சீரியல் போர்ட்டுக்கு உலகம் முழுதும் ஒரே இலக்கணம் வகுத்த ஆர்.எஸ்-232 தரம் அமெரிக்காவில் வெளியானதும் 1960-ல்தான். திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்ததும் அதே வருடம், ஏப்ரல் 1. ம.பொ.சி.யின் வடக்கு எல்லைப் போராட்டம் நடந்த காலத்தில் சித்தப்பா அரைக்கால் சட்டைப் பையன். எல்லை தாண்டி வந்த அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்ததாக ஞாபகம் என்கிறார். சித்தி அதை நம்புவதில்லை.

பெட்டி சொன்ன வாக்குமூலம்

பேரனிடம் பாஸ்வேர்டு வாங்கி உள்ளே போனோம். லினக்ஸ் தன் வாழ்க்கையில் நடந்த நல்லது கெட்டதை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும். அதைக் காட்டச் சொன்னோம். வரி வரியாக ஓடியது. நடுவில் திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்: 'அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்!' அதாவது, எனக்குப் போதுமான மின்னழுத்தம் வரவில்லை. அதற்குக் கீழே இன்னும் மோசமான செய்தி. மெமரி கார்டில் எழுதும்போது பிழை வந்திருக்கிறது; மேலும் கெடாமல் இருக்க, இனி படிக்க மட்டுமே செய்வேன், எழுதமாட்டேன் என்று லினக்ஸ் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது. வைஃபையும் விழுந்திருந்தது. எழுதமுடியாத புரோகிராம் திணறிப்போய் நின்றிருக்கிறது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு வரி வந்தது. அண்டர்-வோல்டேஜ். மணி ஒன்று.

பலகையில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் சுமார் 4.63-க்குக் கீழே இறங்கினால் அது அணையும். அது அணைந்து அணைந்து எரிவதை அப்போதுதான் கவனித்தோம். பெட்டி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கரன்ட் வரும் வழியைப் பார்த்தோம். சார்ஜர் கீழே ஹாலில். அங்கிருந்து மெல்லிசான ஒரு நீள யு.எஸ்.பி. வயர் ஜன்னல் வழியாக ஏறி, மொட்டை மாடித் தளத்தில் வெயிலில் கிடந்து, பெட்டிக்கு வருகிறது. மெல்லிய வயர் நீள நீள, மின்னழுத்தம் வழியிலேயே கரையும். அரை ஆம்பியர் ஓடினாலே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகலாம். இதில் இன்னொன்று: சூடு ஏற ஏறத் தாமிரத்தின் மின்தடையும் ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.4 சதவீதம். பொங்கல் குளிரில் தட்டுத்தடுமாறிச் சமாளித்த வயர், கத்திரியில் கறுப்பு உறைக்குள் வெந்து கை விரித்துவிட்டது. எந்த வெயிலை அளக்க வைத்தோமோ அந்த வெயிலே பெட்டியின் வாயை அடைத்திருக்கிறது. கீழே ஃபேனுக்கு அடியில் வேறு சார்ஜரில் போட்டுப் பார்த்திருந்தால் விளக்கு நிலையாக எரிந்திருக்கும், காரணம் அகப்பட்டிருக்காது. சித்தப்பா சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று.

ஒழுங்காக ஷட்டவுன் செய்து (பிளக்கைப் பிடுங்கக் கூடாது), கார்டைக் கழற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். எடுத்த எடுப்பில் பழுது பார்க்காமல் முதலில் கார்டை அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு தோழி வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் சரிசெய்தோம். ஏப்ரல் முழுவதும் பத்திரமாக இருந்தது.

இதே மௌனம் வேறு வேஷத்திலும் வரும். அந்தத் தோழிக்கு நேர்ந்தது ஒன்று. ஜி.பி.எஸ். கருவி ஒன்றை அதே முனைகளில் இணைத்தாள். எழுத்துகள் கலங்கி, பாதி காணாமல் வந்தன. லினக்ஸின் லாகின் திரையும் அதே போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு, வருவதைப் பாதி விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு வாடகைதாரர். செட்டிங்கில் சீரியல் போர்ட் ஆன், அதில் லாகின் திரை ஆஃப் என்று வைத்ததும் தீர்ந்தது. வேறு சிலருக்குத் திரையில் எல்லாம் தெரியும், ஆனால் தட்டுவது போகாது. அவர்கள் டெர்மினலில் 'ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல்' ஆனில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூன்று வயர் இணைப்பில் அது ஆஃபில்தான் இருக்கவேண்டும்.

எங்கள் பேரன் முன்யோசனையாக சீரியலை ஆன் செய்திருந்தான். எல்லா வீட்டுப் பெட்டியிலும் அப்படி இருக்காது. ப்ளூடூத் உள்ள ராஸ்பெர்ரி பைகளில் அது ஆஃபில்தான் வரும். பை 3, பை 4 மாடல்களில் நல்ல சீரியல் சில்லுப் பகுதியை ப்ளூடூத்துக்குக் கொடுத்துவிட்டு, சிறிய ஒன்றை முனைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சிறியதன் வேகம் பலகையின் மையக் கடிகாரத்தோடு கட்டுண்டது. கடிகாரம் மாறினால் பாட்டும் மாறிக் குப்பை கொட்டும். கார்டை வேறு கம்ப்யூட்டரில் செருகி, அதிலுள்ள 'கான்ஃபிக்' கோப்பில் 'எனேபிள்_யுஆர்ட்=1' என்று (ஆங்கிலத்தில்தான்) ஒரு வரி சேர்த்தால் போர்ட்டும் திறக்கும், கடிகாரமும் நிலைப்படும்.

அடுத்த ஞாயிறு கார்டோடு மறுபடி போனேன். தையல் அறையிலேயே ஒரு பிளக் பாயின்ட் போட்டு, சார்ஜரை அங்கேயே மாட்டி, ஒரு முழம்கூட இல்லாத தடித்த வயரில் இணைத்தோம். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. பதினொன்றே முக்காலுக்குப் போன் அலறியது. சித்தி கைத்துணியை மடித்து வைத்துவிட்டு, "வந்துட்டியா எமனே" என்று பெட்டியைத் திட்டிக்கொண்டே இறங்கினார்.

சித்தப்பாவின் நீள நோட்டைப் புரட்டினேன். பெட்டி பேசாத நாட்களுக்கு நேராக எண்கள் இல்லை. வெறுமனே விடவும் இல்லை. தந்தி ஆபீஸ் கையெழுத்தில், சாய்வாக, சிவப்பு மையில் 'லைன் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் நேரம் போட்டிருந்தார்.